திறப்பு போட்டாச்சோ?

கிழக்கு லண்டனில், பார்க்கிங் என்ற ஊரில், மழை ஒழுகிய தகரக் கொட்டகை ஒன்றில் மிளகாய்த்தூள் ஆலை கட்டியவன் நான். வெள்ளைக்காரன் பழைய இரும்பென்று கழித்த இயந்திரங்களைத் துடைத்து, அராவி, எண்ணெய் விட்டு, மறுபடி ஓட வைத்தவன் நான். எண்ணெய்ப் பீப்பாய் இரண்டை வெட்டி ஒட்டி மல்லி வறுக்கும் உருளை செய்தவன் நான். வடக்கு லண்டனில் ஆர்ச்வேப் பக்கத்துக் கோயில் மடைப்பள்ளியில் உழுந்து அரைக்கும் கல்லுக்கு மோட்டார் பூட்டிக் கொடுத்தவனும் நானே. ஐந்தாம் வகுப்புக்கு மேலே பள்ளிக்கூடம் என்னைக் கண்டதில்லை. 'இவனுக்குப் படிப்பு ஏறாது' என்றார்கள். இரும்பு ஏறியது! இன்று லண்டனில் யாழ்ப்பாணத்துக் கறி கொதிக்கும் வீடுகளில் யாருடைய தூள் மணக்கிறது என்று உங்கள் குசினி அலுமாரியைத் திறந்து நீங்களே பாருங்கள்.

அன்ரனியின் இடது காலை எடுத்தவனும் நான்தான்.

சிவபாதம் மாஸ்ரர் அல்ல. நான்!

நீங்கள் வேறு மாதிரிக் கேட்டிருப்பீர்கள். கலியாண வீடுகளில், கோயில் வாசலில், 'அந்தப் படிச்ச மனுசன்தான் கவனமில்லாமல் விட்டவராம்' என்று நீங்களே சொல்லியும் இருப்பீர்கள். நான் பக்கத்தில் நின்றிருப்பேன். தலையை ஆட்டியிருப்பேன். 'சரி விடுங்கோ, பாவம், அவரும் வேணுமெண்டு செய்யேல்லைத்தானே' என்று பெரிய மனத்தோடு சொல்லியிருப்பேன்.

ஆலையின் ஆண்டு மலருக்கு 'நான் கடந்து வந்த பாதை' எழுதித் தரும்படி மலர்க் குழுத் தம்பிமார் கேட்டார்கள். கேட்டது அவர்களுடைய பிழை. கடந்து வந்த பாதையில் என்ன கிடக்கிறதென்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

என்னை அறிந்தவர்களுக்கு ஒன்று தெரியும். நான் செய்த வேலைக்கு வேறொருவன் பெயர் போட நான் ஒருநாளும் விட்டதில்லை. கோயில் அரைக்கும் கல்லின் மேலே 'அன்பர்கள் உபயம்' என்று தகடு அடித்தார்கள். எந்த அன்பர்கள்? எந்த அன்பன் வந்து அந்தத் தண்டைக் கடைந்தான்? சண்டை பிடித்தேன். தகட்டைக் கழற்றி, 'உபயம்: சின்னத்தம்பி குணரத்தினம்' என்று புதிதாக அடிக்கும்வரை நான் கோயில் வாசல் மிதிக்கவில்லை. அப்படிப்பட்டவன்... ஒரே ஒரு வேலைக்கு மட்டும் இன்னொரு மனிதனின் பெயரைப் போடவிட்டுச் சும்மா இருந்தேன்.

மாஸ்ரரையும் அன்ரனியையும் பற்றிச் சொல்ல வேண்டும்.

எண்பதுகளின் நடுவில், ஊரில் இருக்க வழியில்லாமல் ஓடி வந்தவர்கள் இருவரும். மாஸ்ரர் யாழ்ப்பாணத்தில் அட்சரகணிதம் படிப்பித்தவர். மெலிந்த, சட்டைக் கழுத்துப் பொத்தானையும் பூட்டிக்கொள்கிற மனிதர். அன்ரனி மன்னார்க் கடற்கரையான். சாக்கை ஒரு கையால் தூக்கித் தோளில் வைப்பவன். கடை ஒன்றின் மேல்மாடியில் ஒரே அறை, ஒரே சட்டி, ஒரே போர்வை. அன்ரனிக்கு வரும் ஆங்கிலக் கடுதாசிகளை மாஸ்ரர் வாசித்துச் சொல்வார். அன்ரனி ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போகும்போது மாஸ்ரரையும் இழுத்துக்கொண்டு போவான்.

"முதலாளி, இவர் யேசுவுக்காகப் பூசைக்கு வாறேல்லை. கோயில் ஹீற்றருக்காக வாறவர்!" என்பான்.

"ஹீற்றரைப் படைச்சவரும் அவர்தானேடா" என்பார் மாஸ்ரர்.

அவர்கள் சகோதரர்களைப் போல என்று எழுத வந்தேன். வேண்டாம். என் சகோதரர்கள் எவரும் என்னோடு அப்படிச் சிரித்ததில்லை.

இருவரையும் நான் வேலைக்கு எடுத்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்... மாஸ்ரரை வேலைக்கு எடுத்ததில் எனக்கொரு தனி ருசி இருந்தது. பட்டம் பெற்ற ஒருவர் என்னை 'முதலாளி' என்று கூப்பிட்டு, நான் கேட்கும் ஸ்பானரை எடுத்துத் தருவதில் ஒரு ருசி. அந்த ருசிக்கு வயது இல்லை. இன்றைக்கும் நாக்கின் நுனியில் கசப்பாக இருக்கிறது.

கொட்டகையை விட்டு ஆலை இரண்டு தளக் கட்டடத்துக்கு வந்துவிட்ட காலம் அது. கீழ்த்தளம் களஞ்சியம். மேல்தளத்தில் வறுவலும் அரைப்பும். மூட்டைகளை மேலே ஏற்ற ஒரு சாமான் லிஃப்ட் இருந்தது. அதுவும் நான் பூட்டியதுதான். மோட்டார் சுழலும், அந்த வேகத்தைக் கியர்பொக்ஸ் குறைத்து உருளைக்குக் கொடுக்கும், உருளையில் கம்பிக் கயிறு சுற்ற, மூட்டைத் தட்டு மேலே ஏறும். மோட்டாரை நிறுத்தினால் அதன் முதுகிலிருக்கும் பிரேக் இறுகும். தட்டு நின்ற இடத்தில் நிற்கும்.

மோட்டாரும் கியர்பொக்ஸும் ஒன்றின் கையை ஒன்று பிடிக்கும் இடம்தான் கப்ளிங். நடுவில் துளையிட்ட இரண்டு இரும்புக் குமிழ்கள், அவற்றுக்கு இடையே ஒரு ரப்பர். ஒன்று மோட்டாரின் தண்டில், மற்றது கியர்பொக்ஸின் தண்டில். அந்தப் பிடி நழுவினால்... மோட்டாரில் எத்தனை பிரேக் இருந்தென்ன? பிரேக் மோட்டாரைப் பிடித்துக்கொண்டிருக்கும். தட்டு தன் பாட்டில் கீழே போகும்.

ஆகவே குமிழைத் தண்டில் பூட்டுவது விளையாட்டில்லை. அதை என்னைப் போலப் பூட்ட இந்தப் பக்கத்தில் ஆளில்லை என்று மார் தட்டியவன் நான். தண்டிலும் ஒரு பள்ளம். குமிழின் துளையிலும் ஒரு பள்ளம். இரண்டும் நேருக்கு நேர் வரும்போது உண்டாகும் சதுரத் துளைக்குள், விரல் நீளத்தில் ஓர் இரும்புத் துண்டைச் செருக வேண்டும். பக்கங்களில் ஆடாமல் இறுக வேண்டும்; தலைக்கு மேலே மயிரிழை இடைவெளி வேண்டும். பிறகுதான் குமிழின் மேலிருக்கும் தலையில்லாத சிறிய ஸ்க்ரூவை அந்தத் துண்டின்மேல் இறுக்க வேண்டும். சுமையைத் தாங்குவது இரும்புத் துண்டு. ஸ்க்ரூ, குமிழ் விலகாமல் பார்த்துக்கொள்ளும் காவற்காரன் மட்டும். காவற்காரனிடம் சுமையைக் கொடுத்தால் அவன் ஒரு நாள், இரண்டு நாள் தாங்குவான். பிறகு விடுவான்.

அந்தத் துண்டுக்கு வெள்ளைக்காரன் 'கீ' என்றான். கீ என்றால் என்ன? திறப்பு! நீங்கள் இந்தியாக்காரராக இருந்தால் சாவி என்பீர்கள், எங்களுக்குத் திறப்பு. என் ஆலையில் தமிழில்தான் வேலை நடக்கும் என்பது என் சட்டம். ஆகவே அந்த இரும்புத் துண்டுக்கும் 'திறப்பு' என்று நானே பெயர் வைத்தேன்.

மாஸ்ரருக்கு அது பொறுக்கவில்லை.

"அது ஒண்டையும் திறக்காதே, முதலாளி. கதவுக்கும் திறப்பு, சுவிச்சுப் பெட்டிக்கும் திறப்பு, இதுக்கும் திறப்பெண்டால் ஆர் எதைச் சொல்லுறதெண்டு தெரியாமல் போயிடும். ஆப்பெண்டு சொன்னால் என்ன? வடிவான தமிழ்ச் சொல்லு."

மிளகாய் மூட்டையின் மேலே குந்தியிருந்த அன்ரனி கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஐயையோ மாஸ்ரர், அந்தச் சொல்லு வேண்டாம். ஆப்பிழுத்த குரங்கின்ர ஞாபகம் வரும். முதலாளி தன்னைத்தான் சொல்லுறமெண்டு குறை நினைக்கப்போறார்!"

மல்லி புடைத்துக்கொண்டிருந்த பெண்கள்கூடச் சிரித்தார்கள். மாஸ்ரரும் சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டுதான்... ஆனாலும் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"இது என்ர ஆலை. என்ர மிசின். நான் திறப்பெண்டால் திறப்பு. விளங்குதோ?"

"விளங்குது, முதலாளி" என்றார் மாஸ்ரர்.

அதன் பிறகு அவர் அந்தச் சொல்லைப் பற்றி வாய் திறக்கவில்லை. என் சொல்லையே சொன்னார். கடைசிவரைக்கும் என் சொல்லையே சொன்னார்.

ஒரு நாள் பின்னேரம் கப்ளிங்கின் ரப்பர் தேய்ந்து போயிருந்தது. மாஸ்ரரும் நானும் மோட்டாரைக் கழற்றி இறக்கினோம். கியர்பொக்ஸ் தண்டிலிருந்த பழைய குமிழில் வெடிப்பு இருந்தது. புதிய குமிழ் எடுத்தேன். திறப்பு அதற்குள் இறங்க மறுத்தது. அரத்தால் இரண்டு பக்கமும் இழுத்தேன். இடையில், மாஸ்ரர் கீழே களஞ்சியத்தில் நின்ற நேரம், குமிழ் தண்டில் வழுக்கிப் போகிறதா என்று பார்க்க, திறப்பில்லாமலே அதைத் தண்டில் ஏற்றி, கீழே விழாமலிருக்க ஸ்க்ரூவை ஒரு பிடி இறுக்கி விட்டேன். பார்த்தாயிற்று. இனி அதைக் கழற்றி, திறப்பை வைத்து, மறுபடி பூட்ட வேண்டியதுதான் மிச்சம். அப்போது கோயிலிலிருந்து கார் வந்துவிட்டது.

அன்று எனக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள்! அரைக்கும் கல்லுக்காக. என் பெயர் தகட்டில் ஏறிய நாள். நல்ல கோட்டை மாட்டிக்கொண்டேன். கையிலிருந்த இரும்புத் துண்டை எங்கே வைப்பதென்று யோசிக்கவும் இல்லை. கோட்டுப் பையில் போட்டேன்.

"மாஸ்ரர், விடிய வந்து மோட்டாரை ஏத்திப் பூட்டிப்போடுங்கோ. லொறி வருகுது" என்றேன்.

"ஓம் முதலாளி. நீங்கள் போயிட்டு வாங்கோ. மாலை வாடமுன்னம் எங்களுக்கும் காட்டுங்கோ."

விடிய வந்து மாஸ்ரர் என்ன கண்டிருப்பார்? தண்டில் குமிழ் இருக்கிறது. முதலாளியின் கை பூட்டிய குமிழ். அசைத்துப் பார்த்திருப்பார், அசையவில்லை. அதைச் சந்தேகிக்க அவர் யார்? மோட்டாரை ஏற்றினார், ரப்பரை வைத்தார், மூடியைப் போட்டார், சுவிச்சுப் பெட்டியில் திறப்பைப் போட்டுத் திருப்பினார்.

நான் வரும்போது லொறி வாசலில் நின்றது. பொன்னாடையோடு எடுத்த படங்களைப் பற்றி எல்லோருக்கும் சொல்ல வேண்டுமென்ற அவசரம் எனக்கு. வாசற்படியில் நின்றபடி உள்ளே சத்தம் போட்டேன்.

"மாஸ்ரர், திறப்பு போட்டாச்சோ?"

"ஓம் முதலாளி, போட்டாச்சு!"

அவ்வளவுதான். அந்த இரண்டு வரிகள்தான்.

நான் ஏன் கேட்டேன்? இதைத்தான் நான் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். சந்தேகமே இல்லாதவன் கேட்பானா? திறப்பில்லாமல் குமிழை ஏற்றியது என் மனத்தின் ஏதோ மூலையில் இருந்திருக்கிறது. போய் மூடியைக் கழற்றிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு தேநீர் குடிக்கும் நேரமும் ஆகாது! அவருடைய 'ஓம்' எனக்கு வசதியாக இருந்தது. எடுத்துக்கொண்டேன்.

லிஃப்ட் ஓடியது. இலேசான சுமைகளோடு நன்றாகவே ஓடியது. காவற்காரன் தாங்கிக்கொண்டிருந்தான்.

அந்தக் கிழமை முடிவதற்குள் இந்திய மிளகாய் வந்தது. தட்டில் வழக்கத்துக்கு மேலே மூட்டைகளை அடுக்கினார்கள். தட்டு மேலே ஏறியது. கீழே சிந்திய மிளகாயைக் கூட்டியெடுக்க அன்ரனி தும்புத்தடியோடு, ஏறிய தட்டின் கீழே காலை வைத்தான். சிந்தியது வீணாகக் கூடாதென்று அவனுக்குப் பழக்கியவனும் நான்தான்.

மேலே மோட்டாரின் சத்தம் மாறியது. சுமை இல்லாத மோட்டார் பாடும் மெல்லிய பாட்டு. எனக்கு அந்தச் சத்தம் தெரியும். தெரிந்து, வாயைத் திறந்து, 'டேய்' என்று சொல்வதற்குள்... தட்டு கீழே இருந்தது.

அவனுடைய சத்தத்தை நான் எழுதப்போவதில்லை. மாஸ்ரர் வெறும் கையால் மூட்டைகளை இழுத்து எறிந்ததை மட்டும் எழுதுகிறேன். சாக்கு கிழிந்து மிளகாய் கொட்டியது. அவர் கண்ணும் மூக்கும் ஒழுக, "அன்ரனி, அன்ரனி, என்னைப் பார் ராசா" என்று கத்திக்கொண்டேயிருந்தார்.

ஆஸ்பத்திரிக்குப் புறப்படும்போது, பொன்னாடைக்குப் போட்டுப் போய்வந்து கந்தோர் அறைக் கதவின் பின்னால் தொங்கவிட்டிருந்த நல்ல கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டேன். அங்கே நடைபாதையில் போட்டிருந்த நீண்ட மர வாங்கில் நானும் மாஸ்ரரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். குளிருக்குக் கையைப் பையில் விட்டேன்.

விரலில் அது தட்டியது.

பார்க்காமலே தெரிந்தது. நான்கு மூலைகள். என் அரம் இழுத்த கீறல்கள். தண்டின் பள்ளத்தில் இருக்க வேண்டியது, என் பையில், என் விரல்களுக்கிடையில் இருந்தது.

அந்த நேரம் பார்த்து மாஸ்ரர் மெதுவாகக் கேட்டார்.

"முதலாளி... அண்டைக்கு விடிய நீங்கள் திறப்பு போட்டாச்சோ எண்டு கேட்டீங்கள். நான் சுவிச்சுத் திறப்பைச் சொன்னனான். நீங்கள் எதைக் கேட்டனீங்கள்?"

இப்போதுகூட அந்தக் கணத்துக்குத் திரும்பிப் போகிறேன். போய், பையிலிருந்து கையை எடுத்து, விரித்துக் காட்டுகிறேன். எத்தனை தரம் காட்டிவிட்டேன்! ஆனால் அன்று என் கை பைக்குள்ளேயே இருந்தது. என் வாய் சொன்னது:

"நான் கப்ளிங் திறப்பைத்தான் கேட்டனான், மாஸ்ரர்."

அது உண்மை. கவனித்தீர்களா? அதில் ஒரு எழுத்தும் பொய் இல்லை. உண்மையைச் சொல்லியே ஒரு மனிதனைக் கொல்லலாம் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது.

அவர் முகம் ஒரு கணத்தில் கிழமாகிப் போனது. "ஐயோ... நான்தானே சொன்னன், ஆர் எதைச் சொல்லுறதெண்டு தெரியாமல் போயிடுமெண்டு. நானே மறந்திட்டனே" என்றார். பிறகு, "அப்ப அது மேசையிலை கிடந்ததோ?" என்றார்.

"கிடந்திருக்கும்" என்றேன்.

அது பொய்.

அதற்குப் பிறகு மாஸ்ரர் அதைத் தேடினார். ஆலை மூடிக் கிடந்த நாட்களில், முழங்காலில் நின்று, மேசைக்கடியில், மூட்டைகளுக்குப் பின்னால், மிளகாய்த் தூசியைக் கையால் அளைந்து அளைந்து தேடினார். தும்மித் தும்மிக் கண் சிவந்து வீங்கியது. "கிடந்த இடத்தை ஒருக்காக் கண்டால் போதும், முதலாளி. எப்பிடி என்ர கண்ணிலை படாமல் போச்செண்டு ஒருக்காத் தெரிஞ்சால் போதும்" என்றார். நான் கதவருகே நின்று பார்த்தேன். அது வீட்டில், என் சவரப் பெட்டிக்குள் இருந்தது. 'விடுங்கோ மாஸ்ரர்' என்று சொன்னேன். அன்பாகச் சொன்னேன்!

அரசாங்கத்து ஆய்வாளர் வந்தார். கப்ளிங்கைக் கழற்றி, வெறும் பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்தார். எனக்கு அப்போது ஆங்கிலம் யெஸ், நோ, டுமாறோ அளவுதான். மொழிபெயர்க்க ஆள் வேண்டும். ஆலையில் ஆங்கிலம் தெரிந்தவர் ஒருவர்தான்.

நினைத்துப் பாருங்கள்! ஆய்வாளர் என்னைப் பார்த்துக் கேட்கிறார். மாஸ்ரர் நடுவில் நின்று என் பக்கம் திரும்பிச் சொல்கிறார்:

"திறப்பை ஆர் பூட்டினதெண்டு கேக்கிறார், முதலாளி."

அவர் 'ஆப்பு' என்று சொல்லவில்லை. அந்த நேரத்திலும் என் சொல்லுக்கு மரியாதை.

ஒரு வரி போதும். 'நான்தான் பூட்டினது' என்று என் வாழ்நாள் முழுவதும் ஊரெல்லாம் சொல்லித் திரிந்த அதே வரி! அந்த வரி எனக்கு மனப்பாடம். அன்று வாய்க்குள் வரவில்லை. ஆலையை மூடிவிடுவார்கள் என்று நினைத்தேன். தகட்டிலுள்ள பெயரை நினைத்தேன். பொன்னாடையை நினைத்தேன்.

"மாஸ்ரர்தான் எண்டு சொல்லுங்கோ" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கோபமில்லை, அந்தப் பார்வையில் ஒன்றுமே இல்லை. பிறகு திரும்பி, சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு, ஆய்வாளரிடம் தன் தெளிவான ஆங்கிலத்தில் அதைச் சொன்னார். 'மீ' என்ற சொல் எனக்கு விளங்கும். அது மட்டும் விளங்கியது.

தன் தீர்ப்பைத் தானே மொழிபெயர்த்த மனிதரை நீங்கள் கண்டதுண்டா? நான் கண்டேன். எதிரில் நின்று கண்டேன்.

முதலாளி என்ற முறையில் எனக்குத் தண்டம் விழுந்தது. கட்டினேன். 'ஆரோ விட்ட பிழைக்கு இந்த மனுசன் தண்டம் கட்டுது' என்று சனம் எனக்காகப் பரிதாபப்பட்டது. அதையும் வாங்கிக்கொண்டேன்.

அன்ரனிக்கு முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மாஸ்ரர் தோடம்பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். அன்ரனி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். மறுபடி போனார், மறுபடியும் சுவர். "படிக்காத எனக்கே ரெண்டு தரம் பாக்கத் தெரியும். இவ்வளவு படிச்ச மனுசனுக்கு ஒருக்காப் பாக்கத் தெரியாமல் போச்சே, அண்ணை" என்று என்னிடம் அழுதான். அதுவரை என்னை முதலாளி என்றவன், அன்றுதான் முதன்முதலாக அண்ணை என்றான். நான் அவன் தலையைத் தடவிக் கொடுத்தேன்.

அந்த ஒரே அறை, ஒரே சட்டி முடிந்தது. மாஸ்ரர் லண்டனின் மறுகோடியில், ரெய்னர்ஸ் லேன் பக்கம் போய்விட்டார். பெற்றோல் நிலையமொன்றில் வேலை செய்தார். பிறகு ஊரிலிருந்து அவர் மனைவி வந்து சேர்ந்தா. அன்ரனியை நான் ஆலைக் கந்தோரில் கதிரை போட்டு இருத்தினேன். வருகிறவர்களுக்கெல்லாம் அவன் சொல்வான்: "ஒரு சப்பாத்து போதுமெண்டபடியால் எனக்கு அரைவாசிச் செலவு. மிச்சமெல்லாம் அண்ணை பாக்கிறார்." எல்லோரும் சிரிப்பார்கள். என்னைப் பார்த்துக் கும்பிடுவார்கள்.

சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். ஓம்! ஒவ்வொரு வருடமும் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு வருடமும் அது முந்திய வருடத்தைவிடக் கடினமாகியது. துருப்பிடித்த நட்டைப் போல. முதல் நாள் விரலால் கழற்றலாம். நாள் போனால் எந்த ஸ்பானரும் பிடிக்காது.

தொண்ணூறுகளின் நடுவில் மாஸ்ரர் இறந்துபோனார். இதயம். மரணச் சடங்கில் அவர் மனைவி என்னைக் கண்டதும் கும்பிட்டா.

"உங்களைப் பற்றி எப்பவும் சொல்லுவார். தன்னைப் பொலிசிலை குடுக்காமல் விட்ட மனுசனெண்டு" என்றா. பிறகு சொன்னா: "எப்ப வெளிக்கிட்டாலும் கதவைப் பூட்டிப்போட்டு பஸ்சுக்குப் போவார். பஸ் வாற நேரம் திரும்பி ஓடி வருவார். 'திறப்பு போட்டனானோ?' எண்டு கேப்பார். 'போட்டிட்டீங்களப்பா' எண்டு நான் சொன்னாலும் நம்பமாட்டார். கையாலை பிடிச்சுப் பார்த்துப்போட்டுத்தான் போவார். எத்தினை பஸ்சை விட்டிருப்பார்!"

அப்போது பின்னால் பொய்க்காலின் சத்தம் கேட்டது. அன்ரனி. கறுப்புக் கோட்டுப் போட்டு, பார்க்கிங்கிலிருந்து ரயில் மாறி மாறித் தனியாக வந்திருந்தான். பெட்டிக்குப் பக்கத்தில் நெடுநேரம் நின்றான். சிலுவை போட்டுக்கொண்டான். என்னிடம் வந்து, என் தோளில் கை வைத்துச் சாய்ந்துகொண்டு சொன்னான்:

"மன்னிச்சிட்டன் எண்டு சொல்லத்தான் அண்ணை இவ்வளவு நாளும் நினைச்சுக்கொண்டிருந்தனான். சுணங்கிப் போச்சு."

அந்த இரும்புத் துண்டு அன்றும் என் பையில் இருந்தது. பெட்டிக்குள் போட்டுவிடலாம் என்ற எண்ணத்தோடுதான் கொண்டுபோனேன். அவர் அவ்வளவு தேடிய பொருள், அவரிடமே போகட்டும் என்று. போடவில்லை. இரும்பு எரியாது. சாம்பலோடு திரும்பி வந்துவிடும் என்று பயந்தேன். அந்த இடத்திலும் நான் என்னைத்தான் காப்பாற்றினேன்.

அன்ரனிக்கு நான் சொன்ன பதில் என்ன தெரியுமா? "உனக்குப் பெரிய மனசு, அன்ரனி."

இப்போது எழுதுகிறேன். எழுதுவதால் என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள்? ஒன்றும் ஆகாது. மாஸ்ரர் வாசிக்கமாட்டார். அன்ரனி வாசிப்பான், இல்லாவிட்டால் யாராவது வாசித்துக் காட்டுவார்கள். அன்றைக்கு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்த ஒவ்வொரு நாளும் அவனுக்குத் திரும்பி வரும். குற்றமில்லாத தோழனை அவன் தள்ளிவிட்டான். அண்ணை என்று கூப்பிட்ட என்னையும் இனி இழப்பான். நான் மூடி வைத்தது அவன் தோழனை எடுத்தது. நான் திறப்பது அவனுடைய மிச்சத்தை எடுக்கப்போகிறது. எது பெரிய பாவம்? எனக்கு விளங்கவில்லை. படித்தவர்கள் சொல்லுங்கள்.

ஆப்பிழுத்த குரங்கின் கதையில் குரங்கின் வால்தான் நசுங்கும். என் கதையில் குரங்கு பொன்னாடையோடு வீட்டுக்குப் போய்விட்டது.

மன்னிப்பு வேண்டாம். கேட்கவும் இல்லை, தரவும் இங்கே ஆளில்லை. எனக்கு வேண்டியது வேறு.

அந்த இரும்புத் துண்டு இப்போது என் முன்னால், மேசைமேல் கிடக்கிறது. இரண்டு பக்கத்திலும் என் அரத்தின் கீறல்கள், சாய்வாக, ஒரே ஒழுங்கில். இந்த லண்டனில் வேறெவன் கையும் இப்படி இழுக்காது. எழுதப் படிக்கப் பெரிதாகத் தெரியாத எனக்கு அதுதான் கையெழுத்து.

மலர்க் குழுத் தம்பிமாரே, ஆலையின் வரலாறு எழுதுகிறீர்கள் அல்லவா? 'ஊழியர் ஒருவரின் கவனக்குறைவால் ஒரு விபத்து' என்று நீங்கள் எழுதி வைத்திருக்கும் அந்த வரியைக் கண்டேன். வெட்டுங்கள்! அந்தக் கப்ளிங்கைப் பூட்டியவன் நான். நான் செய்த வேலைக்கு இன்னொருவர் பெயரை நான் விடமாட்டேன் என்று உங்களுக்குத் தெரியாதா? கல்லுக்குப் போட்டதுபோல இதற்கும் போடுங்கள். அன்ரனியின் இடது கால், சிவபாதம் மாஸ்ரரின் மிச்ச ஆயுள், இரண்டுக்கும் உபயம்: சின்னத்தம்பி குணரத்தினம்.

முழுப் பெயரையும் போடுங்கள். 'அன்பர்' என்று போட்டால் நான் ஏற்கமாட்டேன்.